டான்ஸை விட்டுட்டேன்னு சொல்றோமே, விட்டது யாரு?

வழக்கமா இந்த நிகழ்ச்சியில கோடிங், இன்டர்வியூ, அப்ரைசல்னு பேசிக்கிட்டு இருப்போம். இன்னைக்கு பரதநாட்டியம். பயப்படாதீங்க, ஆடியோதானே, ஆடிக் காட்ட முடியாது.

ஐடி கம்பெனியில் என் வயதுப் பெண்களோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், ஏதாவது ஒரு பேச்சில் இந்த வாக்கியம் வந்துவிடும்: "சின்ன வயசுல டான்ஸ் கத்துக்கிட்டேன், அப்புறம் விட்டுட்டேன்." யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். சாம்பார் நல்லாருக்குன்னு பேச்சு மாறிடும். ஆனால் அந்த வினைச்சொல்லைக் கொஞ்சம் கவனிங்க. தமிழில் இதை மூன்று விதமாகச் சொல்லலாம். விட்டுட்டேன். நின்னுபோச்சு. நிறுத்திட்டாங்க. முதலாவதில் செய்தது நான். இரண்டாவதில் யாருமே செய்யவில்லை, தானாக நடந்தது. மூன்றாவதில் வேறு யாரோ. நடந்தது இரண்டாவதோ மூன்றாவதோ, சொல்வது மட்டும் பெரும்பாலும் முதலாவதுதான். ஏன் அப்படி என்பதுதான் இன்றைய எபிசோடு.

முதலில், விட்டதாகச் சொல்கிற பொருளின் அளவு என்ன? நடனம் பழகாத நண்பர்களுக்காக இதைச் சொல்லிடறேன். பரதநாட்டியம் அடவில் ஆரம்பிக்கும். அடவு என்றால் கால், கை, கண், உடம்பு எல்லாம் சேர்ந்த ஒரு அசைவுத் துண்டு. முதலில் தட்டடவு, பிறகு நாட்டடவு, இப்படிக் குடும்பம் குடும்பமாக வரும். ஒவ்வொன்றையும் மூன்று காலத்தில் ஆட வேண்டும். அதாவது அதே அசைவு, வேகம் இரண்டு மடங்கு, பிறகு நாலு மடங்கு. இதெல்லாம் அரைமண்டியில், முட்டி இரண்டும் பக்கவாட்டில் விரிய, பாதி உட்கார்ந்த நிலையில். அடவு முடிந்துதான் உருப்படி: அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. இந்த வரிசைக்கு மார்க்கம் என்று பேர். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தஞ்சை நால்வர் என்று அழைக்கப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் ஒழுங்கு செய்தது. இதில் வர்ணம் ஒன்று மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் போகும். பதின்மூன்று வயதுப் பிள்ளை நடுவில் தண்ணீர் குடிக்காமல் ஆடும்.

நான் ஆறு வயதில் ஸ்ரீரங்கத்தில் சேர்ந்தேன். சித்திரை வீதியில் ஒரு வீட்டின் முன்கூடம்; சிவப்புத் தரை. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். லீவு, காய்ச்சல், பரீட்சை எல்லாம் கழித்தால் வருஷத்துக்கு 45 வாரம். ஆக 90 மணி நேரம். ஒன்பது வருஷத்துக்கு 810. அரங்கேற்றத்துக்கு முந்தைய ஆறு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் இன்னும் 360. மொத்தம் 1,170 மணி நேரம். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முத்திரை பிடித்ததெல்லாம் இதில் சேர்க்கலை. இன்ஜினியரிங் நாலு வருஷத்தில் எந்த ஒரு பாடத்துக்கும் இதில் பாதி நேரம்கூட நான் கொடுத்ததில்லை.

இது எப்போ நின்னுச்சு? தேதி கேட்டால் எனக்குத் தெரியும்: 2012, பத்தாவது ரிசல்ட் வந்த ஜூன் மாதம். அந்தக் காலத்தில் ப்ளஸ் டூ 1,200 மார்க். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வை 2007-லேயே எடுத்துவிட்டார்கள், எல்லாமே ப்ளஸ் டூ கட்-ஆஃப்தான்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்கு எவ்வளவு. ப்ளஸ் ஒன்னுக்கு அப்போது பொதுத்தேர்வு கிடையாது. அதனால் நிறைய பள்ளிக்கூடங்கள் ஒரு தந்திரம் செய்தன. ப்ளஸ் ஒன் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார்கள். (2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் அரசு பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.) என் பள்ளியும் அப்படித்தான். காலையில் ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஆறு வரை ஸ்டடி, சனிக்கிழமை டெஸ்ட். டான்ஸ் கிளாஸ் சாயங்காலம் ஐந்தரைக்கு. அவ்வளவுதான் விஷயம். யாரும் "டான்ஸ் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சொல்லலை, அப்பா சொல்லலை. மிஸ் சொன்னது, "ப்ளஸ் டூ முடிச்சுட்டு வாம்மா." நான் சொன்னது, "சரி மிஸ்." இரண்டு பேருமே அதை நம்பித்தான் சொன்னோம். அதன்பிறகு வெளியூரில் கல்லூரி, ஹாஸ்டல், பிறகு சென்னையில் வேலை.

மென்பொருள்காரர்களுக்கு இது புரியும். ஒரு ப்ராஜெக்டை யாரும் உட்கார்ந்து மூடுவதில்லை. கடைசி கமிட் என்று தெரியாமலேயே ஒருநாள் கடைசி கமிட் போகும். பத்து வருஷம் கழித்து ஒருவன் வந்து பார்த்து, "இது கைவிடப்பட்டது" என்று தானே எழுதிக்கொள்வான்.

திருச்சியில் வழியே இல்லாமல் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதநாட்டியம் உண்டு. 1977-ல் தொடங்கிய கலைக்காவிரியில் பரதநாட்டியத்தை டிகிரியாகவே படிக்கலாம். கத்தோலிக்க மறைமாவட்டம் நடத்தும் கல்லூரியில், காவிரிக்கரைப் பெண்கள் பரதம் படிப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். ஆனால் எங்கள் தெருவில் 'காலேஜ்' என்ற சொல்லுக்குள் அது வராது. துவாக்குடி என்.ஐ.டி. வரும். அங்கே ஃபெஸ்டம்பர் நடக்கும்போது மேடையில் ஆடலாம், அது வேறு.

இப்போது ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிற எதிர்மாதிரி ஒன்றைப் பாருங்க. அரையர் சேவை. மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து என்று வைகுண்ட ஏகாதசியை ஒட்டி நடக்கும் திருவிழாவில், அரையர்கள் கூம்புத் தொப்பி வைத்து, கையில் தாளம் ஏந்தி, ஆழ்வார் பாசுரங்களைப் பாடி அபிநயம் பிடிப்பார்கள். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி போன்ற சில கோயில்களில்தான் இன்று இது இருக்கிறது. பரம்பரையாக வருவது, ஆண்கள் மட்டும் செய்வது. இது இத்தனை நூற்றாண்டு நிற்பதற்குக் காரணம் அவர்களுக்கு ஆசை அதிகம் என்பதாகத்தான் இருக்கணும்னு இல்லை. அந்த நாள் வந்தால், அந்த மண்டபத்தில், அந்த ஆள் வந்து நிற்க வேண்டும். பெருமாளும் ஊரும் காத்திருக்கிறார்கள். இடம், நாள், எதிர்பார்க்கிற ஆட்கள். இந்த மூன்றும் இருந்தால் ஒரு கலையை 'விடுவது' ரொம்பக் கஷ்டம். மூன்றும் போய்விட்டால் எவ்வளவு ஆசை இருந்தாலும் நிற்க இடமில்லை.

மூன்றும் ஒரே அடியாகப் போனவர்களின் கதை நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கு.

ஸ்ரீரங்கத்தில் கிழக்குப் பக்கம் வெள்ளை கோபுரம் தெரியுமில்லையா? படையெடுப்புக் காலத்தில், கோயிலில் ஆடிய வெள்ளையம்மாள் என்ற பெண் எதிரித் தளபதியை அதன் உச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்தாள் என்று சொல்வார்கள். கதையோ நிஜமோ, ஊர் தன் கோபுரத்தை ஒரு நடனப் பெண்ணின் பெயரோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. அப்படிக் கோயிலில் ஆடிய பெண்கள் வெகுகாலத்துக்கு முந்தையவர்கள் என்றுதான் நான் பள்ளிக்கூட வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து மதுரை ரோட்டில் சுமார் 30 கிலோமீட்டர் போனால் விராலிமலை. மயில் பார்க்கப் போயிருக்கோம். அந்த மலைமேல் முருகன் கோயிலில் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாள் 2022-ல் பத்மஸ்ரீ வாங்கியபோதுதான், எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியவந்தது.

சதிர் என்பது பரதநாட்டியத்தின் பழைய பெயர்களில் ஒன்று. முத்துக்கண்ணம்மாள் ஏழு வயதில் அந்தக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்டவர். அப்பா ராமச்சந்திரன் நட்டுவனார். அந்தக் கோயிலில் அப்படி 32 பெண்கள் இருந்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் மலைப்படி ஏறிப் போய்ப் பாடி ஆட வேண்டும். சதிரில் ஒரு விஷயம் எனக்கு மலைப்பாக இருக்கும். ஆடுகிறவரே பாடவும் செய்வார். நாங்களெல்லாம் பாடகர் பாட ஆடினோம், பயிற்சிக்கு சிடி போட்டோம். மூச்சைப் பாட்டுக்கும் காலுக்கும் பங்கு போடுவது வேறு கணக்கு.

அப்போது விராலிமலை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1947-ல் மதராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் வந்தது. 1974-ல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டம். அந்தச் சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடுத்ததோடு நிற்கவில்லை. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே சட்டவிரோதம் என்றது. அதாவது இடம் போச்சு, நாள் போச்சு, எதிர்பார்க்கிற ஊரும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இங்கே அவசரப்பட்டு வில்லன் தேடாதீங்க. இந்தச் சட்டத்துக்காக இருபது வருஷம் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அதே புதுக்கோட்டைக்காரர்தான். 1886-ல் பிறந்தவர், அம்மா சந்திரம்மாள் அந்தச் சமூகத்திலிருந்தே வந்தவர். பெண்களை அனுமதிக்காத மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927-ல் மதராஸ் சட்டமன்ற மேலவைக்கு வந்தவர். ஏழு வயதுக் குழந்தையின் வாழ்க்கையை மற்றவர்கள் முடிவு செய்வதை அவர் நிறுத்த நினைத்தார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அது நிற்க வேண்டியதுதான். ஆனால் நிறுத்தியபோது, அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே கற்று முடித்திருந்த ஒரு கலைக்கு மாற்று மேடை யாரும் கட்டிக் கொடுக்கவில்லை. கட்டியது வேறு ஆட்களுக்கு. 1931-லேயே சென்னை மியூசிக் அகாடமி கல்யாணி மகள்களை மேடையேற்றியது. 1935-ல் ருக்மிணி தேவி ஆடினார், 1936-ல் கலாக்ஷேத்ரா வந்தது. சதிர் பரதநாட்டியம் ஆனது. பழைய நட்டுவனார்களிடமிருந்து கற்று, நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் வந்து, கடைசியில் சித்திரை வீதி முன்கூடத்தில் எனக்கும் கிடைத்தது.

1981 முதல் சிதம்பரத்தில் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. பத்து வயதில் எங்கள் வகுப்போடு நானும் அங்கே ஆடினேன். கோயில், சாமி சன்னிதி, திருவிழா நாள், பெண் பிள்ளைகள் ஆடுகிறோம். போலீஸ் வரவில்லை, ஒரு மாமா எல்லோருக்கும் ஃப்ரூட்டி கொடுத்தார். எந்தப் பெண்களுக்கு அது தடையானதோ, அவர்களுடைய பேத்திகள் அந்த மேடையில் எத்தனை பேர் என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

முத்துக்கண்ணம்மாள் இழந்ததும் ப்ளஸ் டூ கால அட்டவணை என்னிடமிருந்து எடுத்ததும் ஒன்று அல்ல. எனக்குப் பதிலுக்கு ஒரு சம்பளம் கிடைத்தது, அவர்களில் பலருக்குக் கிடைத்தது அவச்சொல். ஒப்பிடுவது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். மேடை போன பிறகு நடனம் எங்கே போகிறது?

டேவேஷ் சோனேஜி என்ற ஆய்வாளர் 2012-ல் 'அன்ஃபினிஷ்ட் ஜெஸ்சர்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். விராலிமலையும் அதில் வருகிறது. அதில் என்னை நிறுத்திய பகுதி ஆந்திராவின் கோதாவரிக் கரையைப் பற்றியது. அங்கே இந்தச் சமூகத்துப் பெண்கள் சிலர், சட்டம் வந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் பாடி ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்வையாளர் இல்லை. காசு இல்லை. முத்துக்கண்ணம்மாளும் பாட்டையும் அபிநயத்தையும் நினைவிலேயே வைத்திருந்தார். பிற்காலத்தில் ஆய்வாளர்களும் நடனக் கலைஞர்களும் விராலிமலைக்குத் தேடிப் போனபோது எடுத்துக் கொடுக்க அவரிடம் சரக்கு இருந்தது. எண்பது வயதைத் தாண்டி அவர் உட்கார்ந்தபடியே பாடி அபிநயம் பிடிக்கும் வீடியோக்கள் யூடியூப்பில் இருக்கு. பாருங்க. முட்டி ஒத்துழைக்காத இடத்தில் கண்ணும் விரலும் வேலையை எடுத்துக்கொள்வது தெரியும்.

அது எப்படி முடிகிறது? உடம்புக்கு இரண்டு கணக்குப் புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பலம், மூச்சு, வளைவு. இது உண்டியல் மாதிரி. போடாமல் இருந்தால் சில வாரங்களிலேயே கரைய ஆரம்பிக்கும். இன்னொன்று, செய்யத் தெரிதல். சைக்கிள், நீச்சல், கோலம், அடவு. இது மூளையில் சிறுமூளை, அடித்தள முடிச்சுகள் ஆகியவற்றைச் சார்ந்த நினைவு; நாள், பெயர், முகம் எல்லாம் வைத்திருக்கும் நினைவிலிருந்து தனி. இதற்கு மருத்துவத்தில் பிரபலமான ஆதாரம் ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கர். 1953-ல் நடந்த மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனது. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் கோட்டைப் பென்சிலால் வரையச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர், இதை முன்பு செய்ததாக நினைவே இல்லை என்றார். தலைக்குத் தெரியாததைக் கை தெரிந்து வைத்திருந்தது.

நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேளச்சேரியில் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தபோது இதை நேரில் பார்த்தேன். அலாரிப்பின் வரிசையை வாயால் சொல்லச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே திணறினேன். சொற்கட்டு ஆரம்பித்ததும் கண், கழுத்து, தோள் எல்லாம் அதது பாட்டுக்குப் போயின. அரைமண்டி மட்டும் இருபது விநாடிக்கு மேல் தாங்கவில்லை. மறுநாள் ஆபீஸில் படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது. கற்றது அப்படியே இருந்தது, அதைத் தூக்கி நிறுத்தும் தொடையைக் காணோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போகிற பலர், முதல் வாரத்திலேயே "எல்லாம் மறந்துபோச்சு" என்று வந்துவிடுகிறார்கள். மறக்கலை. பலம்தான் போயிருக்கு, அது வரும்.

திரும்பப் போகிற யோசனை இருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயம். பழைய டீச்சரின் பாணியும் புதியவருடைய பாணியும் வேறாக இருந்தால் (பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்ரா என்று பல உண்டு), முதல் மூன்று மாதம் கை நீட்டும் கோணத்திலேயே சண்டை வரும். உடம்பு பழையதைத்தான் செய்யும். எது எனக்குள் பதிந்த பாணி என்று முன்னாடியே சொல்லிவிடுங்க, நல்ல டீச்சர் புரிந்துகொள்வார். முட்டி வலி இருந்தால் சிமெண்ட் தரையில் தட்டாதீங்க. வகுப்பு நேரத்தை ஆபீஸ் காலண்டரில் மீட்டிங்காகப் போட்டுப் பூட்டுங்க, இல்லேன்னா அந்த ஐந்தரை மணியை வேறு யாராவது எடுத்துக்குவாங்க. முடிந்தால் தெரிந்தவர் ஒருவரோடு சேருங்க. நான் போகாத வாரம் "ஏன் வரலை?" என்று கேட்க ஒரு தோழி இருக்கிறாள். அவள் கேட்பதற்குப் பயந்தே பாதி வாரம் போகிறேன்.

அப்புறம், பரணில் கிடக்கிற சலங்கை. எடுத்துப் பார்த்தால் தோல் பட்டை வெடித்திருக்கும், வார் பிடித்தால் கையோடு வரும். மணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் போதும். மணிகளைக் கழற்றிப் புதுப் பட்டையில் தைத்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். டான்ஸ் நகை விற்கிற கடையில் கேட்டால் சொல்வார்கள். கொடுக்கும்போது எத்தனை மணி என்று எண்ணி, சீட்டில் எழுதி வாங்கிக்கோங்க.